ஒப்புவிக்கப்பட்ட வீரர்: கட்டபொம்ம நாயக்கர் சரிதம்

பெரியோருடைய சரிதங்களை நாம் இருவகையாகப் படிக்கலாம். அவர்கள் உலகிற்குச் செய்தது யாது என்று வினவிப் படிப்பது ஒரு வகை. உலகம் அவர்களுக்குச் செய்தது யாது என்று வினவிப் படிப்பது மற்றொரு வகை. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரராகிய வீரபாண்டியக் கட்டபொம்ம நாயக்கரின் சரிதம் முதல் வகையில் தமிழ்நாடெங்கும் நன்கு அறியப்பட்டது. கதைப்பாடல்களும் கூத்துக்களும் 1959ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படமும் அவர்தம் வீரத்தைச் சிறுவரும் அறியுமாறு செய்துள்ளன. இரண்டாம் வகையில் அச்சரிதத்தைப் படித்தோர் சிலரே. அவர் பிடிபட்டது தம் பாளையத்திலன்று. புதுக்கோட்டைச் சீமையின் எல்லைக் காட்டிலே. பிடித்தவர் ஆங்கிலக் கும்பினியாரல்லர், புதுக்கோட்டைத் தொண்டைமான். ஓர் அரசு கேட்க, மற்றோர் அரசு தன் எல்லையிற் புகுந்த ஒருவரைப் பிடித்துக் கொடுத்தது. இக்காலத்துச் சட்ட நூலார் குற்றவாளிகளை நாடு விட்டு நாடு ஒப்புவித்தல் என்று விரித்துரைக்கும் செயல் இதுவே.

நம் கல்லூரி விடுதியில் திருநெல்வேலிப் பக்கத்து மாணவரும் புதுக்கோட்டைப் பக்கத்து மாணவரும் ஒருங்கே உறைகின்றனர். ஓரிரவு உணவுக்குப்பின் கட்டபொம்மரைப்பற்றிய பேச்சு எழுந்தது. பேச்சு முற்றவே, தெற்கத்தி நண்பர் ஒருவர் புதுக்கோட்டை நண்பரைச் சுட்டி, காட்டிக்கொடுத்த ஊரார் அவர் ஊரார் என்று கூறிவிட்டார். விளையாட்டாகக் கூறியதே எனினும், கேட்டவர் முகம் வாடிற்று. அன்றிரவு அவர் யாரோடும் பேசவில்லை. இருநூறாண்டுகட்கு முன் ஓர் அரசர் செய்த செயலுக்காக இன்று ஒரு மாணவர் தலைகுனிதல் முறையாகுமா என்னும் ஐயமே நம்மை இச்சரிதத்தை எழுதத் தூண்டிற்று.

பிறப்பும் பட்டமும்

கட்டபொம்ம நாயக்கர் 1760ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3ஆம் தேதி பிறந்தார். தந்தையார் செகவீரக் கட்டபொம்மர், தாயார் ஆறுமுகத்தம்மாள். உடன்பிறந்தாருள் ஊமைத்துரை என்று உலகம் வழங்கும் குமாரசாமி நாயக்கரும், துரைச்சிங்கமும் குறிப்பிடத்தக்கவர். 1790ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், தம் முப்பதாம் வயதில், கட்டபொம்மர் பட்டத்துக்கு வந்தார். திருச்செந்தூர் முருகனிடத்து அவருக்கிருந்த பக்தியையும், தானாபதி சுப்பிரமணிய பிள்ளையிடத்து அவர் வைத்திருந்த நம்பிக்கையையும் கதைப்பாடல்கள் விரித்துக் கூறும்.

அவர் பட்டமேற்ற காலம் பொல்லாத காலம். ஆர்க்காட்டு நவாபு கும்பினியாருக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். அக்கடனுக்கு ஈடாக 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையினால், பாளையக்காரர்களிடமிருந்து பேஷ்குஷ் என்னும் கப்பத்தைத் தண்டும் உரிமை கும்பினியார் கைக்கு மாறிற்று. பாளையக்காரர்களை எவரும் இதுபற்றிக் கேட்டிலர். நேற்றுவரை நவாபுக்குக் கப்பம் கட்டியவர்கள் இன்று பிற நாட்டு வணிகர் கூட்டத்தாருக்குக் கட்டவேண்டியவராயினர். கட்டபொம்மர் வாழ்வில் பின்னர் விளைந்த துன்பங்கட்கெல்லாம் வித்து இதுவே.

இராமநாதபுரத்து நிகழ்ச்சி

1798ஆம் ஆண்டு மே மாத முடிவில் பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கி 3,310 வராகன் என்று கும்பினியார் கணக்கிட்டனர். அக்காலத்துக் கலெக்டர் ஜாக்சன் என்பவர். அவர் தம்மை வந்து காணுமாறு கட்டபொம்மருக்கு ஆணை விடுத்தார். ஆனால் ஓரிடத்தில் நின்று காண இசைந்தாரில்லை. குற்றாலம் முதலாக ஊர் ஊராக அவர் செல்ல, அவரைத் தொடர்ந்து பாளையக்காரரும் தம் பரிவாரத்துடன் மூன்று வாரங்கட்கு மேலாக அலைந்தார். முடிவில் செப்டம்பர் மாதத்தில் இராமநாதபுரத்து இராமலிங்க விலாசத்தில் காட்சி கிடைத்தது. அங்கும் அவரை மூன்று மணி நேரம் நிற்க வைத்தே விசாரித்தனர். கணக்குகளைப் பார்த்தவிடத்துப் பெரும்பகுதி செலுத்தப்பட்டு 1,080 வராகனே எஞ்சியிருந்தது. ஆயினும் அவரைச் சிறைப்படுத்தும் முயற்சி நடைபெறுவதாகத் தோன்றவே கைகலப்பு மூண்டது. அதில் லெப்டினன்ட் கிளார்க் என்னும் ஆங்கிலேயர் கொல்லப்பட்டார். கட்டபொம்மர் தப்பினார், சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டுத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

இவ்விடத்து நேயர்கள் சற்று நின்று நோக்குமாறு வேண்டுகின்றோம். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மாண்டிருந்தும், சென்னை அரசாங்கத்தார் கட்டபொம்மரை உடனே தண்டிக்க முற்பட்டாரல்லர். கட்டபொம்மர் முறையிடவே, கவர்னர் எட்வர்ட் கிளைவ் விசாரணைக் குழுவொன்றை நியமித்தார். பிரவுன், ஓரம், காஸாமேஜர் என்னும் மூவர் அக்குழுவினர். 1798ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கட்டபொம்மர் அவர்கள் முன் நேரிற் சென்று தம் வழக்கைக் கூறினார். இருபுறத்துச் செய்திகளையும் கேட்ட குழுவினர், அவர்மீது குற்றமில்லையென்றும் கலெக்டரின் நடையே பிழைபட்டதென்றும் கண்டனர். சுப்பிரமணிய பிள்ளை விடுதலை பெற்றார். ஜாக்சன் பதவி இழந்தார். விசாரணை என்னும் ஒன்று நிகழ்ந்தமையால் வலியவர் தோற்க, மெலியவர் வென்றார். இதனை மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

போரும் ஓட்டமும்

புதிய கலெக்டராக வந்தவர் லஷிங்டன். அவருக்கும் கட்டபொம்மருக்கும் இடையே மனக்கசப்பு நாளும் வளர்ந்தது. இதற்கிடையில் சிவகங்கை மருது சகோதரர், திண்டுக்கல் கோபால நாயக்கர் முதலியோர் கும்பினியாருக்கு எதிராக ஒன்றுகூடலாயினர். சிவகிரிப் பாளையத்து உட்பூசலிலும் கட்டபொம்மர் படை தலையிட்டது. 1799ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். மைசூர்ப் போர் ஓய்ந்தமையால் கும்பினியாரின் படை தெற்கே திரும்ப வழி பிறந்தது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் கட்டளைப்படி மேஜர் பானர்மன் என்பவர் மிக விரிந்த அதிகாரங்களுடன் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பப்பட்டார்.

செப்டம்பர் 4ஆம் தேதி பாளையங்கோட்டையில் தம்மை வந்து காணவேண்டுமென்று பானர்மன் ஓலை விடுத்தார். இராமநாதபுரத்தில் நேர்ந்ததை மறவாத கட்டபொம்மர் செல்லவில்லை. மறுநாளே கோட்டை தாக்கப்பட்டது. முதல் தாக்குதலில் கும்பினிப் படை பெருஞ்சேதம் அடைந்து பின்வாங்கிற்று. ஆயினும் பாளையங்கோட்டையினின்றும் பெரும் பீரங்கிகளும் துணைப்படையும் வருவதறிந்த பாளையக்காரர் கோட்டையை விட்டு வெளியேறினார். எட்டயபுரத்துப் படை பின்தொடர்ந்தது. கோலார்பட்டியில் நிகழ்ந்த சண்டைக்குப்பின் சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மர் தம்பியருடனும் எஞ்சிய சிலருடனும் வடக்கு நோக்கிச் சென்று, சிவகங்கைச் சீமையைக் கடந்து, திருக்களம்பூரை அடுத்த காடுகளிற் புகுந்தார். அவ்வூர் இக்காலத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது.

தொண்டைமான் செய்தது

அப்பொழுது புதுக்கோட்டையை ஆண்டவர் விஜய ரகுநாதத் தொண்டைமான். 1789 முதல் 1807 வரை அவர் அரசு புரிந்தார். அவர் மரபினர்க்கும் கும்பினியார்க்கும் இருந்த நட்பு நேற்று முளைத்ததன்று. 1751ஆம் ஆண்டு தொடங்கிய திருச்சிராப்பள்ளி முற்றுகையில், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம் நிற்க, முகம்மதலியும் ஆங்கிலேயரும் பசியால் வாடியபோது, புதுக்கோட்டைச் சீமையினின்றும் சென்ற உணவுப் பொருள்களே அவர்களைக் காத்தன. ஐதரலி படையெடுத்த காலத்தும் தொண்டைமான்கள் அந்நட்பிற் பிறழ்ந்தாரில்லை. பெரிய வல்லரசுகளுக்கிடையே சிக்கிய ஒரு சிறு நாடு, ஒருவரைத் துணையாகப் பற்றிக்கொண்டு தன் குடிகளைக் காத்துவந்தது. மேலும், கட்டபொம்மர் தொண்டைமானுக்கு உறவினருமல்லர், கூட்டாளியுமல்லர்.

கலெக்டர் லஷிங்டன் கட்டபொம்மரைப் பிடித்துத் தருமாறு தொண்டைமானுக்கு எழுதினார். தொண்டைமான் தம் ஆட்களை ஏவினார். அவர்கள் காட்டை வளைத்துக் கட்டபொம்மரையும் அவரைச் சார்ந்த சிலரையும் பிடித்தனர். பிடிபட்டோர் கும்பினியாரிடம் ஒப்புவிக்கப்பட்டனர். கேட்ட கடிதத்துக்கும் ஒப்புவித்த செயலுக்கும் இடையே எவ்வித விசாரணையும் நிகழவில்லை. இவர்மீது சாட்டப்படும் குற்றம் யாது, அதற்குச் சான்று யாது, இவரை எவர் முன் நிறுத்தப்போகின்றீர்கள் என்று புதுக்கோட்டை அரசு கேட்டதாக நாம் அறிந்த வரலாற்றில் இல்லை.

கயத்தாற்று முடிவு

1799ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16ஆம் தேதி கயத்தாற்றில் பாளையக்காரர் பலரையும் பானர்மன் ஒருங்கு கூட்டினார். அவர்கள் நடுவே கட்டபொம்மரை நிறுத்திக் குற்றங்களை எடுத்துரைத்தார். கப்பம் செலுத்தாமை, அழைத்தபொழுது வாராமை, சிவகிரிக்கெதிராகப் படை விடுத்தமை, கும்பினிப் படையை எதிர்த்துப் போரிட்டமை என்பன அவை. குற்றம் சாட்டியவரும் பானர்மனே. தீர்ப்புக் கூறியவரும் அவரே. அதனை நிறைவேற்றியவரும் அவரே. சென்ற ஆண்டு மூவர் குழு முன் கிடைத்த விசாரணையின் நிழலும் இங்கே இல்லை. ஆண்டு ஒன்று நிறைவதற்குள் அவ்விரண்டும் நிகழ்ந்தன என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நடுங்குகின்றது.

கட்டபொம்மர் அஞ்சினாரல்லர். தம்மைத் துரத்தி வந்த எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சி தோன்ற நோக்கி நின்றார் என்றும், தூக்குமரத்துக்குச் செல்லுகையில் தம் ஊமைத் தம்பியைக் குறித்தே கவலையுற்றார் என்றும், கோட்டையைக் காத்து அங்கேயே மாளாமற் போனதற்கு வருந்தினார் என்றும் அவரைக் கொல்வித்த பானர்மனே மேலிடத்துக்கு எழுதியனுப்பினார். பகைவர் எழுதிய சான்றினும் வலிய சான்று வேறுண்டோ? ஒரு புளியமரத்தில் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

அவருடைய இறப்பால் நாடு அடங்கிற்றா எனின், இல்லை. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த ஊமைத்துரை 1801ஆம் ஆண்டு பிப்ரவரியில் தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பினார். மருது சகோதரரும் அவருடன் சேர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் தேதி மருதிருவர் திருப்பத்தூரிலும், நவம்பர் 16ஆம் தேதி ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் கொல்லப்பட்டனர். தொண்டைமானுக்கோ, பாளையக்காரர் போர்களில் அவர் செய்த உதவிகட்குக் கைம்மாறாகக் கீழாநிலைக் கோட்டையும் அதனைச் சார்ந்த ஊர்களும் கிடைத்தன.

சட்டம் வந்த வரலாறு

தொண்டைமான் செய்தது சட்டத்துக்கு மாறானதா என்று கேட்பின், மாறுபடுதற்குச் சட்டமே இருந்ததில்லை என்பதே விடை. இவ்விரண்டு அரசுகளும் கைதிகளை எந்நெறியால் ஒப்புவிப்பது என்று அன்று வகுத்துக் கொள்ளவில்லை. நட்பரசு கேட்டது, நட்பரசு கொடுத்தது. உலகின் பிற பகுதிகளிலும் ஏறக்குறைய இந்நிலையே.

அதே 1799ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம். ஜோனதன் ராபின்ஸ் என்னும் பெயர் பூண்ட மாலுமியொருவரை, ஹெர்மயனி என்னும் கப்பலில் நிகழ்ந்த கலகத்திற் கலந்தவர் என்று ஆங்கிலேயர் கேட்டனர். இரு நாடுகட்குமிடையே 1794ஆம் ஆண்டு ஜே உடன்படிக்கை இருந்தது. தாம் அமெரிக்கக் குடி என்றும், கடற்படையில் வலிந்து சேர்க்கப்பட்டவர் என்றும் அம்மாலுமி முறையிட்டார். ஜனாதிபதி ஆடம்ஸின் விருப்பத்தை அறிந்த சார்ல்ஸ்டன் நகரத்து நீதிபதி அவரை ஒப்புவித்தார். ஆங்கிலேயக் கடற்படையார் ஜமெய்க்காத் தீவில் அவரைத் தூக்கிலிட்டனர். அமெரிக்க மக்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸ் தோற்றமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர். அங்கே உடன்படிக்கையும் இருந்தது, நீதிபதியும் இருந்தார், அவை போதா என்றே மக்கள் கருதினர். புதுக்கோட்டைக் காட்டிலோ அவ்விரண்டும் இல்லை.

இத்தகைய நிகழ்ச்சிகளால் உலகம் மெல்ல மெல்லப் பாடங் கற்றது. 1833ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டார், அரசியற் குற்றஞ் சாட்டப்பட்டோரை ஒப்புவிப்பதில்லை என்று சட்டம் வகுத்தனர். இங்கிலாந்து 1870ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதனை ஏற்றது. கட்டபொம்மரைக் கேட்டு வாங்கித் தூக்கிலிட்டவரின் பேரரசே, தன்னிடம் புகுந்த பிற நாட்டுக் கிளர்ச்சிக்காரர் திறத்தில் அவ்வாறு செய்வதில்லை என்று உறுதி பூண்டதை என்னென்பது! இந்தியாவில் 1879ஆம் ஆண்டிலும், பின்னர் 1903ஆம் ஆண்டிலும் இப்பொருள் பற்றிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. புதுக்கோட்டைச் சமஸ்தானம் நாற்புறமும் ஆங்கிலேய ஜில்லாக்களாற் சூழப்பட்டிருந்தது. ஓரிடத்துத் திருடி, சில மைல் நடந்து மற்றோர் அரசின் எல்லைக்குள் ஒளிந்துகொள்வது எளிதாயிருந்தது. பொலிட்டிகல் ஏஜெண்டின் வாரண்டும் ஜில்லா மாஜிஸ்திரேட்டின் உதவியும் இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க ஏற்பட்டவை. 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபொழுது அவ்வெல்லையே மறைந்தொழிந்தது.

இன்று நம் நாட்டில் வழங்குவது 1962ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, பிற நாடொன்று ஒருவரைக் கேட்டால், மத்திய அரசாங்கம் முதலில் ஒரு மாஜிஸ்திரேட்டை விசாரிக்குமாறு பணிக்கும். மேலோட்டமாகவேனும் வழக்கு உண்டு என்று சான்றுகள் காட்டவேண்டும்; இல்லையேல் அவர் விடுவிக்கப்படுவார். குற்றம் அரசியற் சார்புடையதெனின் ஒப்புவித்தல் இல்லை. ஒரு குற்றத்துக்காகக் கேட்டு வாங்கியவரை, வேறொரு பழைய குற்றத்துக்காகத் தண்டித்தலும் ஆகாது. மரண தண்டனை இல்லாத நாடுகள் அத்தண்டனை விதிக்கப்படமாட்டாது என்னும் உறுதியையும் கேட்டுப் பெறுகின்றன. 1993ஆம் ஆண்டு பம்பாய்க் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட ஒருவரை, மரண தண்டனையில்லை, 25 ஆண்டுகட்கு மேற் சிறையுமில்லை என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே போர்ச்சுகல் நாடு 2005ஆம் ஆண்டில் நம்மிடம் ஒப்புவித்தது. அவ்வாக்குறுதியை இந்தியா காத்தல் வேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றமும் கூறிற்று. கொடுங்குற்றஞ் சாட்டப்பட்டவரை ஒப்புவிக்கும் நாடும், அவர்க்கு என்ன நேரும் என்று கேட்டே ஒப்புவிக்கின்றது.

இச்சட்டம் இருந்திருப்பின் கட்டபொம்மர் உறுதியாகத் தப்பியிருப்பார் என்று நாம் வாதிட வரவில்லை. போரில் உயிர்கள் மாண்டன; கொலை முதலிய கொடுங்குற்றங்களை அரசியற் குற்றமென்று கொள்ளலாகாது என இக்காலச் சட்டமே வரையறை செய்துள்ளது. கட்டபொம்மரின் எதிர்ப்புப் போரா குற்றமா என்பது எளிதில் முடிவுசெய்யத்தக்கதன்று. எளிதில் முடிவாகாத காரணத்தினாலேயே அதனை ஒருவர் அமர்ந்து கேட்டிருத்தல் வேண்டும். 1798இற் கேட்டனர், அவர் பிழைத்தார். 1799இற் கேட்கவில்லை, அவர் மாண்டார். நாம் கூறவந்தது இத்துணையே.

கேட்டறிதல் என்னும் கடமை

இக்கருத்து மேனாட்டினின்றும் வந்தது என்று கூறுதற்கில்லை. சிலப்பதிகாரத்தைப் பயிலும் நாம் இதனை நன்கு அறிவோம். பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவனல்லன். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, கோவலனை ஒரு சொல்லும் வினவாது ஆட்களை ஏவியதொன்றே அவன் செய்த பிழை. பிழையை உணர்ந்ததும் அவன் உயிர் விட்டான். அவ்வாறே பரிசுத்த வேதாகமத்தில் இஸ்ரவேலருக்கு ஆறு அடைக்கலப் பட்டணங்கள் விதிக்கப்பட்டன. கைப்பிசகாய்க் கொலை செய்தவன் ஆங்கு ஓடிப் புகலாம். சபையார் முன் நின்று நியாயம் விசாரிக்கப்படுமுன் அவனைப் பழிவாங்குவோன் கையில் ஒப்புவித்தல் ஆகாது. மனமறிந்து கொன்றவனுக்கு அப்பட்டணம் புகலிடமாகாது என்பதும் அந்நியாயத்தின் பகுதியே. குற்றவாளியை எல்லைக்கோடு காக்கலாகாது. குற்றமற்றவனை எல்லைக்கோட்டுக்கு வெளியே எறியவும் ஆகாது. இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் வழி விசாரணையன்றி வேறில்லை.

இவ்வகையில் நோக்கின், புதுக்கோட்டைத் தொண்டைமானைத் துரோகி என்று ஒரு சொல்லால் முடித்துவிடுதல் பொருந்தாது. அவர் கட்டபொம்மருக்கு யாதொரு வாக்கும் கொடுத்தாரல்லர். கொடாத வாக்கை மீறுதல் இயலாது. தம் முன்னோர் கொண்ட நட்பை அவர் காத்தார். ஆயினும் அவர்பாற் பிழையே இல்லை என்றும் நாம் கூறமாட்டோம். தம் எல்லையிற் புகுந்த ஒருவரின் உயிர் தம் கையில் இருந்த சில தினங்களில், கேட்கவேண்டியவற்றை அவர் கேட்டாரல்லர். வலிய நட்பரசை நோக்கிச் சிறிய அரசு வினா எழுப்புதல் எளிதன்று என்பதை அறிவோம். அவ்வெளிமை இன்மையாலன்றோ பின்வந்தோர் அதனை அரசரின் மனத்துணிவுக்கு விடாது, மாஜிஸ்திரேட்டின் கடமையாகச் சட்டத்தில் எழுதி வைத்தனர்!

இதனை எழுதி முடித்ததும், விடுதியில் மனம் வருந்திய அப்புதுக்கோட்டை நண்பரிடம் படிக்கக் கொடுத்தோம். அவர் முற்றும் படித்து, தொண்டைமான்பால் ஒரு பிழையுண்டு என்னும் பகுதியை நீக்குமாறு கேட்பாரோ என்று அஞ்சினோம். அவர் அவ்வாறு கேட்கவில்லை. சட்டம் பயில வேண்டும் என்னும் எண்ணம் தமக்கு உண்டென்று மட்டும் கூறிக் கையெழுத்துப் படியைத் திருப்பித் தந்தார். கயத்தாற்றைக் கடந்து செல்லும் நம் கல்லூரி அன்பர்கள், ஆங்குள்ள கட்டபொம்மர் சிலையின் முன் நின்று அவர் வீரத்தை வியக்கும்போது, கேளாது ஒப்புவிக்கப்பட்ட ஒரு கைதியின் நினைவுச் சின்னமாகவும் அதனை எண்ணுவாராக. நம் பழைய மாணவருள் நியாயவாதிகளாகவும் நீதிபதிகளாகவும் விளங்குவோர், தம் முன் நிற்பவர் எந்நாட்டவராயினும், அனுப்புமுன் ஒருமுறை கேட்பாராக.